ஒரு டீ ஆறுவதற்குள் முடிந்த கச்சேரி

“அவ்ளோதானுங்க. தீந்து போச்சுங்க.”

டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த செல்வராஜ் இதைச் சொன்னபோது, எங்களுடைய கடைசிப் பாட்டின் கடைசி அடி இன்னும் ஸ்பீக்கருக்குள் உறுமிக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தேன். கல்யாணப் பந்தியில் ரசம் தீர்ந்துவிட்டது என்று சமையல்காரர் காதோடு வந்து சொல்வாரே, அந்த முகம்.

தீர்ந்துபோனது ரசம் அல்ல. எங்களிடம் இருந்த மொத்தப் பாட்டும்.

எங்களுக்கு ஒதுக்கியிருந்தது ஒரு மணி நேரம். மேடை ஏறும்போது ஆண்ட்ரூஸ் தன் ஆம்ப்ளிஃபயர் மேல் வைத்த டீ இன்னும் ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

எதிரே மைதானம் நிறைய கல்லூரிப் பிள்ளைகள். கையில் செல்போனைத் தூக்கியபடி, பாட்டு இன்னும் ஆரம்பிக்கவே இல்லை என்ற நம்பிக்கையில் நின்றுகொண்டிருந்தார்கள். மேடையின் ஓரத்தில், காதில் ஹெட்செட் மாட்டிய என் மகள் தாரணி. இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். அந்தச் சைகையை மொழிபெயர்க்கத் தேவையில்லை. ‘ஏனுங்கப்பா, என்ன பண்ணிப்போட்டீங்க?’

பதற்றம் வந்தால் எனக்கு முதலில் வலது காது சூடாகும். அப்புறம் அடிவயிறு. சென்ற வாரம் இந்தப் பத்தியில் என் குடலிறக்க ஆபரேஷன் பற்றி எழுதியிருந்தேன். மயக்க மருந்து கொடுப்பவரின் கையைப் பிடித்துக்கொண்டு “நான் இன்னும் முழிச்சுத்தானுங்க இருக்கேன்” என்று சொல்லிக்கொண்டே இருந்ததைப் படித்துவிட்டு, ஒரு மனுஷன் இவ்வளவு பயந்தாங்கொள்ளியாக இருக்க முடியுமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். முடியும். கீழே ஆதாரம் தருகிறேன்.

தீவன வாசத்தில் ராக்

நாங்கள் நாலு பேர். கல்லூரியில் ஒன்றாகப் படித்து, ஒன்றாக அரியர் வைத்து, பிறகு இருபத்தைந்து வருஷம் ஒருவரையொருவர் கல்யாண வீட்டில் மட்டும் பார்த்துக்கொண்டவர்கள்.

செல்வராஜுக்கு சூலூரில் கோழித் தீவன வியாபாரம். ஆண்ட்ரூஸ் மேட்டுப்பாளையத்தில் பாக்கு மண்டி வைத்திருக்கிறார். சின்ன வயதில் சர்ச் பாடகர் குழுவில் கிடார் கற்றவர் என்பதால் அவர்தான் எங்களுக்குத் தலைவர். சலீமுக்கு உக்கடத்தில் கோட் சூட் தைக்கும் கடை, கையில் கீபோர்டு. நான் கணபதியில் பம்பு செட் ஏஜென்சி நடத்துகிறேன். பேஸ் கிடார் வாசிக்கிறேன். நாலே நாலு தந்தி, யாருக்கும் சரியாகக் கேட்காது, தப்பு செய்தாலும் வெளியே தெரியாது. என் குணத்துக்கு ஏற்ற வாத்தியம்.

ஒத்திகை நடப்பது செல்வராஜின் தீவன குடோனில். மக்காச்சோளம், சோயாப் புண்ணாக்கு, கருவாட்டுத் தூள். உலகத்தில் எந்த ராக் இசைக்குழுவுக்கும் இப்படி ஒரு வாசனை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனால் எங்கள் தெருப் பூனை என்னோடு படியேறி வரும்.

குழுவுக்குப் பெயர் வைக்க ஒரு மழைக்காலம் ஆனது. கடைசியில், பழைய டி.வி.யில் படம் நின்றுபோனால் ஒரு அட்டை காட்டுவார்களே, அதையே வைத்துக்கொண்டோம்: ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’. முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுவிட்ட மாதிரியும் ஆயிற்று.

என்ன வாசிப்பது என்பதில்தான் சண்டை. ஆண்ட்ரூஸுக்கு இங்கிலீஷ் பாட்டு வேண்டும், சலீமுக்கு கஜல் வேண்டும், செல்வராஜுக்குக் குத்துப்பாட்டு வேண்டும். எனக்கு ஒன்றும் வேண்டாம், பயமாக இருந்தது. நாலு பேருக்கும் பொதுவாகத் தெரிந்தது ஒன்றே ஒன்று. சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமை காலையில் டி.வி.யில் வந்த கார்ட்டூன்களின் முகப்புப் பாட்டு.

ஜன்னல் வழியே வந்த நரி

இந்த இடத்தில் நான் கண் கலங்க வேண்டும். அதுதான் இப்போது வழக்கம். எங்கள் வயதுக்காரன் ஒருவன் செல்போனைத் திறந்தால் போதும், ‘இதெல்லாம் பார்த்து வளர்ந்தவர்கள் பாக்கியசாலிகள்’ என்று யாராவது ஒரு தேன்மிட்டாய்ப் படத்தை அனுப்பியிருப்பான். சரவணம்பட்டியில் ஒரு கடையில் அந்தத் தேன்மிட்டாயைக் கண்ணாடிக் குடுவையில் போட்டு, ரிப்பன் கட்டி விற்கிறார்கள். கம்ப்யூட்டர் கம்பெனிப் பிள்ளைகள் வரிசையில் நின்று வாங்கிப்போய், அலுவலக மேஜையில் வைத்துக்கொண்டு ஏங்குகிறார்கள்.

நாங்களும் ஏங்கினோம். குடோனில் மூட்டை மேல் உட்கார்ந்து, முகமூடி போட்ட நரி, நிலாவில் விவசாயம் செய்த கரடிக் குடும்பம், கப்பல் ஓட்டிய முயல் என்று ஒவ்வொன்றாக நினைத்து நினைத்து ஏங்கினோம்.

உண்மை என்னவென்றால், எங்கள் வீட்டில் டி.வி.யே கிடையாது. தெருமுனையில் பஞ்சு வியாபாரி வீட்டில் மரக்கதவு வைத்த பெட்டி ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்த் தலையோடு போனால் உள்ளே விட மாட்டார்கள், சோபா பாழாகிவிடும். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்க்க வேண்டும். நரி முகமூடியை மாட்டும், எங்கள் வீட்டிலிருந்து அம்மா கூப்பிடும் சத்தம் வரும். அரப்பு தேய்த்துக் குளித்து, எரிகிற கண்ணோடு திரும்பி ஓடிவந்தால் நரி வேலையை முடித்துவிட்டுக் கிளம்பிக்கொண்டிருக்கும். பாட்டெல்லாம் இந்தி. எங்கள் தெருவில் இந்தி தெரிந்தது அந்த நரிக்கு மட்டும்தான்.

ஆக, அந்தப் பாட்டுகளை நாங்கள் முழுசாகக் கேட்டதே நாற்பத்தைந்து வயதுக்கு மேல், இன்டர்நெட்டில்தான். கேட்டு, மனப்பாடம் செய்து, பிறகு அதற்காக ஏங்க ஆரம்பித்தோம். இந்த வரிசை சரியில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் ஏக்கத்தில் இருப்பவனிடம் யாரும் ரசீது கேட்பதில்லை.

நீங்க ஆரம்பிங்க

எங்கள் ஒத்திகை எப்படி நடக்கும் என்று சொன்னால்தான் அன்றைக்கு மேடையில் நடந்தது புரியும்.

காலையில் குடோன் ஷட்டரைத் தூக்குவோம். ஆண்ட்ரூஸ் கிடாரைச் சுருதி சேர்ப்பார். சேர்ப்பார், சேர்த்துக்கொண்டே இருப்பார். செல்வராஜ் சின்ன டிரம்மைக் கவிழ்த்து உள்ளே விழுந்த சோளத்தைக் கொட்டுவார். லாரிக்காரர் போன் செய்வார். டீ வரும். டீயோடு வந்த பஜ்ஜியில் எண்ணெய் ஜாஸ்தி என்று சலீம் விரலைத் துடைக்கக் கிளம்புவார்.

எல்லாம் முடிந்து நாலு பேரும் நின்றால், அப்போதுதான் பெரிய சிக்கல். யார் ஆரம்பிப்பது?

“நீங்க ஆரம்பிங்க.”

“அட, நீங்க ஆரம்பிங்க. நான் பின்னால வாரேன்.”

“எங்கீங்க, நீங்க பெரியவங்க, நீங்க எடுத்துக் குடுங்க.”

உலகத்தில் ராக் இசைக்காரர்கள் கிடாரை உடைப்பார்கள், ஓட்டல் அறையை உடைப்பார்கள் என்று படித்திருக்கிறேன். எங்கள் டிரம்மர் குச்சியைத் தட்டி “ஒண்ணுங்க, ரெண்டுங்க, மூணுங்க” என்று எண்ணுவார். அந்த மரியாதையில் நாங்கள் நெகிழ்ந்து, யாராவது ஒருவர் ஆரம்பிக்க மறந்துவிடுவோம். மறுபடியும் முதலிலிருந்து.

இப்படியே ஆறு பாட்டு வாசித்து முடிப்பதற்குள் வீட்டில் மத்தியானக் கோழிக்குழம்பு ஆறிப்போயிருக்கும். அதனால் எங்களிடம் அரை நாளுக்கு வேண்டிய சரக்கு இருக்கிறது என்று நாலு பேரும் மனதார நம்பினோம்.

டி.வி.யில் முகப்புப் பாட்டு எவ்வளவு நேரம் வரும்? ஒரு நிமிஷம்கூட வராது. நரி குதிக்கும், பெயர் வரும், முடிந்தது. பம்பு செட்டில் நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் விழும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இந்தக் கணக்கு மட்டும் எனக்கு உதிக்கவே இல்லை.

தாரணியின் தலை

தாரணி எஞ்சினியரிங் இரண்டாம் வருஷம். கல்லூரிக் கலைவிழாவுக்கு அவள்தான் மேடைப் பொறுப்பு. விழாவின் பெரிய ஆள், சென்னையிலிருந்து வரும் ஒரு பின்னணிப் பாடகர். அவருக்கு முன்னால் ஒரு மணி நேரம் யாரை ஏற்றுவது என்று கமிட்டியில் பேச்சு வந்தபோது, ஒரு பையன் டி.ஜே. வைக்கலாம் என்றிருக்கிறான். இவள், எங்க அப்பா பேண்டு இருக்கிறது, கார்ட்டூன் பாட்டையெல்லாம் ராக்காக வாசிப்பார்கள் என்று சொல்லிவிட்டாள். கமிட்டி சிரித்திருக்கிறது. சொதப்பினால் மூன்றாம் வருஷம், நாலாம் வருஷம் எந்தப் பொறுப்புக்கும் வரமாட்டேன், மேடைப் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டேன் என்று எல்லோர் முன்னாலும் வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

இதை வீட்டில் எங்களிடம் சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிட்டாள். எனக்கு வலது காது தோசைக்கல் ஆனது. என் மனைவி சாந்தி ஓமத் தண்ணீர் வைத்துக் கொண்டுவந்தாள். விழா நாள் வரைக்கும் அந்தச் சொம்பு என் பக்கத்தைவிட்டு நகரவில்லை.

விழாவுக்கு முந்தின ஞாயிறு தாரணி குடோனுக்கு வந்தாள். நரிப் பாட்டை நின்று கேட்டாள். பசங்களுக்கு இது தெரியாதே என்றாள். பிறகு, கெஞ்சுகிற குரலில் கேட்டாள்:

“அப்பா, மோமு வாசிக்கலாமுங்களா?”

ஆண்ட்ரூஸ் கிடாரைக் கீழே வைத்தார். “மோமுவா? அது குழந்தைப் புள்ளைக பாட்டு அம்மணி. எங்க காலத்துப் பாட்டுல ஒரு உயிர் இருந்துச்சு.”

முகமூடி போட்ட நரிக்காக இருபத்தைந்து டிகிரி தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக் கிடார் வாசிக்கிற, ஐம்பதை நெருங்கும் பாக்கு வியாபாரி இதைச் சொன்னார். நானும் பலமாகத் தலையாட்டினேன். எனக்குக் காரணம் இருந்தது.

சேற்றில் தூங்கிய ஜென்மம்

மோமு ஒரு நீர்யானைக் குட்டி. தாரணிக்கு மூன்று வயதாக இருக்கும்போது, தமிழில் பேசுகிற கார்ட்டூன்கள் நாள் முழுக்க வர ஆரம்பித்திருந்தன. சாயங்காலம் சாந்தி டியூஷன் எடுப்பாள், சோறு ஊட்டுவது என் வேலை. மோமு வந்தால்தான் என் மகள் சோறு தின்பாள்.

மோமுவை நான் வெறுத்ததுபோல என் போட்டி ஏஜென்சிக்காரரைக்கூட வெறுத்ததில்லை. சேற்றில் கிடக்கும், பள்ளிக்கூடம் போகாது, குடைக்குள் ஒளிந்துகொள்ளும். கதை என்று ஒன்றுமே கிடையாது. பாட்டு மட்டும் உண்டு.

*மோமு மோமு எந்திரி மோமு*
*சேத்துல தூங்குற சோம்பேறி மோமு*
*விடிஞ்சு போச்சு வாயைத் தொற…*

இந்த இடத்தில் இசை நின்றுவிடும். மோமு திரை முழுக்க வாயைத் திறந்து, “ஆ…” என்று ஒரு கொட்டாவி விடும். தாரணியும் கூடவே வாயைத் திறப்பாள். அந்த ஒரு கணம்தான். ரசஞ்சோறும் உருளைக்கிழங்கும் உருட்டித் தயாராக வைத்திருந்து அதற்குள் போட்டுவிட வேண்டும். தவறவிட்டால் வாய் சாத்திக்கொள்ளும், உளி வைத்தாலும் திறக்காது.

டி.வி.யில் அந்தப் பாட்டு முதலிலும் கடைசியிலும் வரும். ஒரு கிண்ணம் சோற்றுக்கு அது போதுமா? மிச்சத்தை நான் பாடினேன். ஹாலில் பாடினேன், மொட்டை மாடியில் பாடினேன், நிறுத்திவைத்த ஸ்கூட்டரில் அவளை உட்காரவைத்துப் பாடினேன். பக்கத்து வீட்டுக்காரர், “ஏனுங்க, அந்த மோமு இன்னுமா எந்திரிக்கல?” என்று காம்பவுண்டுக்கு மேலிருந்து விசாரிப்பார்.

அவள் தானாகச் சாப்பிட ஆரம்பித்த அன்றைக்கு முதல் வேலையாக அந்தச் சேனலை எடுத்துவிட்டேன்.

வாங்க, வாங்க

சரி, மேடைக்கு வருவோம்.

மேடைப் பயத்தில் அன்றைக்கு எங்கள் மரியாதை பறந்துவிட்டது. யாரும் யாரையும் ஆரம்பிக்கச் சொல்லவில்லை. செல்வராஜ் எண்ணவே இல்லை. நாலு பேரும் ஒரே நேரத்தில் பாய்ந்து, ஆறு பாட்டையும் மூச்சுவிடாமல் வாசித்து, இறக்கிவைத்துவிட்டோம். முன்வரிசைப் பிள்ளைகள் நரிக்குக் கைதட்டவுமில்லை, திட்டவுமில்லை. அரசு விளம்பரத்தைப் பார்ப்பதுபோல் பொறுமையாகப் பார்த்தார்கள்.

பாடகர் எங்கே என்று சைகையில் கேட்டேன். தாரணி ஹெட்செட்டைக் காட்டி உதட்டைப் பிதுக்கினாள். பாடகர் விமானத்தைவிட்டு இறங்கிவிட்டார், அவிநாசி ரோடு நெரிசல் அவரை விழுங்கிவிட்டது.

பின்வரிசையிலிருந்து முதல் ஊளை கிளம்பியது. ஒரு ஊளைக்குத் துணையாக இன்னும் பத்து வரும் என்று எனக்குத் தெரியும், நானும் கல்லூரியில் படித்தவன்தான். டி.ஜே. கேட்ட பையனாக இருக்கவேண்டும், மேடைக்குக் கீழே கையைக் கட்டிக்கொண்டு தாரணியையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் அவன் பக்கம் திரும்பாமலிருக்க மிகவும் பாடுபட்டாள்.

ஆண்ட்ரூஸ் மறுபடி சுருதி சேர்க்க ஆரம்பித்துவிட்டார். பேச வேண்டியவர் அவர். மைக் என் முன்னால் இருந்தது. என் வாய் திறந்தது. பதற்றத்தில் மூளை நின்றுவிட்டால் நாக்கு தனக்குப் பழகிய வேலையைச் செய்யும். என் நாக்குக்குப் பழகியது, கல்யாண மண்டப வாசலில் நிற்பது.

“வாங்க, வாங்க,” என்றேன். “அந்தப் பக்கம் இருக்கறவங்க, வாங்க. பொறத்தாண்ட, கடைசி வரிசையில நிக்கறவங்களும் வாங்க.”

எங்கள் ஊரில் வந்தவர்களில் ஒருவரை விட்டுவிட்டு மற்றவர்களை ‘வாங்க’ என்றால் அது ஏழு வருஷப் பகை. அதனால் வரிசை வரிசையாக, ஊளை விட்டவர்கள் உட்பட எல்லோரையும் கூப்பிட்டுக் கும்பிட்டேன். ஊளை விடுகிறவன்கூட, கும்பிட்டால் ஒரு வினாடி நிறுத்தித் திருப்பிக் கும்பிட்டுவிடுகிறான். அப்படித்தான் வளர்த்திருக்கிறார்கள்.

கும்பிட்டு முடிந்துவிட்டது. அடுத்து என்ன? மண்டபத்தில் அடுத்து என்ன கேட்போமோ அதையே கேட்டேன்.

“எல்லாரும் சாப்டீங்களா?”

மைதானம் கொல்லென்று சிரித்தது. முன்னாலிருந்து ஒரு பெண்பிள்ளை கையை வாயில் குவித்துக் கத்தினாள்.

“இல்லீங்க அங்கிள். நீங்க வந்து ஊட்டி உடுங்க.”

அதற்குப் பிறகு நடந்ததில் எனக்குப் பெரிய பங்கு எதுவும் இல்லை. ‘ஊட்டி உடுங்க’ என்ற சத்தம் காதில் விழுந்ததும் என் விரல்கள் தாங்களாகவே மூன்றாவது தந்திக்குப் போயின. தும், தும்தும். தும், தும்தும். சேற்றுக்குள் நீர்யானை நடந்துவருகிற தாளம். வாழ்நாளில் ஒருதடவைகூட நான் ஒத்திகை பார்க்காத பாட்டு.

ஆண்ட்ரூஸ் தலை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். சலீமுக்கு உடனே புரிந்துவிட்டது, அவருக்கும் இரண்டு பிள்ளைகள். கீபோர்டில் மெட்டைப் பிடித்துக்கொண்டார். செல்வராஜ் எதுவும் தெரியாமலே அடிக்க ஆரம்பித்தார், அது அவருக்கு வழக்கம்தான்.

மைதானத்தில் முதலில் தலைகள் நிமிர்ந்தன. பிறகு எங்கோ ஒரு கீச்சுக்குரல் “ஐயோ, மோமுடி” என்றது. அவ்வளவுதான். தூக்கிப் பிடித்திருந்த செல்போன்கள் கீழே இறங்கின. மீசை வைத்த பையன்கள், பின்னால் ஊளை விட்டவர்கள், வாசலில் டிக்கெட் பார்த்தவர்கள் எல்லோரும் பாடினார்கள். எனக்கு மைக்கே தேவைப்படவில்லை. எங்கள் நரியையும் கரடியையும் முயலையும் ஒரு நீர்யானைக் குட்டி மிதித்துக்கொண்டு போவதை நான் மேடையில் நின்று பார்த்தேன். ஆண்ட்ரூஸ்கூடத் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிவிட்டார். உயிர் இல்லாத பாட்டாம்.

*விடிஞ்சு போச்சு வாயைத் தொற…*

இசை நின்றது. அங்கே நிறுத்த வேண்டும் என்று செல்வராஜுக்கு யாரும் சொல்லவில்லை. மைதானம் நின்ற நிறுத்தலில் அவர் குச்சியும் நின்றுவிட்டது.

“ஆ…”

அத்தனை பேரும் வாயைத் திறந்தார்கள். மேடை விளக்கு அடித்த வெளிச்சத்தில் வரிசை வரிசையாகத் திறந்த வாய்கள். அத்தனை வீட்டிலும் எவனோ ஒரு அப்பன், எவளோ ஒரு அம்மா, கையில் உருண்டையோடு இந்த இடத்துக்காகக் காத்திருந்திருக்க வேண்டும்.

ஓரத்தில் தாரணி. ஹெட்செட் கழுத்துக்கு இறங்கியிருந்தது. அவள் வாயும் திறந்திருந்தது.

என் வலது கை தந்தியைவிட்டு எழுந்தது. ஐந்து விரல்களும் குவிந்து, ஏதோ சூடாக இருப்பதுபோல் நுனியில் பிடித்துக்கொண்டு, அவள் பக்கமாகப் பாதி தூரம் போய் நின்றது. விரலில் ஒன்றும் இல்லை. அது எனக்குத் தெரிவதற்குள் தாளம் ஆரம்பித்துவிட்டது. பேஸ் மட்டும் இல்லை.

அந்தப் பாட்டைத்தான் பாடகர் வரும்வரை வாசித்தோம். மெதுவாக, வேகமாக, சோகமாக, கஜலாகக்கூட. பிள்ளைகள் விடவில்லை. ஒவ்வொரு ‘ஆ’வுக்கும் கையைத் தந்தி மேலேயே வைத்திருக்க முயன்றேன். ஒருதடவையும் முடியவில்லை.

இறங்கியதும் மேடைக்குப் பின்னால் செல்வராஜ் என்னை ஓரங்கட்டினார். குரலைத் தாழ்த்தி, மிகுந்த மரியாதையோடு குறை சொன்னார்.

“எல்லாம் நல்லாத்தானுங்க இருந்துச்சு. அந்தக் கொட்டாவி முடிஞ்சு எடுக்கற எடத்துல மட்டும் உங்க பேஸ் விட்டு விட்டுப் போச்சுங்க. அடுத்த வாரம் அதை மட்டும் சரி பண்ணிப்போடலாமுங்க.”

நான் பதில் சொல்வதற்குள் தாரணி குறுக்கே வந்தாள். ஹெட்செட்டை மறுபடி காதில் மாட்டியபடி, யாருக்கோ “சார் வந்துட்டாங்க, கேட் திறங்க” என்று கட்டளை போட்டுக்கொண்டே எங்களைத் தாண்டிப் போனாள். போகிற போக்கில் செல்வராஜ் பக்கம் மட்டும் திரும்பினாள்.

“அதைச் சரி பண்ண வேண்டாமுங்க மாமா. அந்த எடம் அப்படித்தானுங்க.”